நாணற்றட்டியும் நெல்வேலியும்

வேலி என்னும் சொல்லைத் தன் பெயரிலேயே தாங்கி நிற்பது நம் சீமை. 2019ஆம் ஆண்டு நவம்பரில் தென்காசி தனி மாவட்டமாகப் பிரியும் வரை, புளியங்குடிக்கு வந்த கடிதங்களின் முகவரியிலெல்லாம் 'நெல்வேலி' இருந்தது. வேதசர்மர் இறைவனுக்குப் படைக்க வேண்டிய நெல்லை வெயிலில் உலரப் போட்டுவிட்டு நீராடச் சென்றார் என்றும், பெருமழை பெய்தபோது அந்நெல் மட்டும் நனையாவண்ணம் இறைவன் வேலியிட்டுக் காத்தார் என்றும் தலபுராணம் கூறும். நெல்லையப்பர் கோயிலில் தைமாதத் திருவிழாவில் இந்நிகழ்ச்சி இன்றும் நடத்திக் காட்டப்பெறுகிறது. அத்தலத்தின் பழம்பெயர் வேணுவனம். மூங்கிற்காடு என்பது பொருள். மூங்கிலும் வேலியும் ஒரே ஊரின் இரு பெயர்களாக அமைந்தது தற்செயலாகவும் இருக்கலாம். ஆனால் மூங்கிலும் அதன் இனமாகிய புல்வகைகளுமே தமிழன் தன் மனையைச் சுற்றிக் கட்டிய முதல் மறைப்புக்குப் பொருளாயின என்பதைக் காணும்போது, தற்செயல் என்று கடந்துபோக மனம் ஒப்பவில்லை.

நம் வட்டத்தின் பத்தாண்டு நிறைவு மலருக்குக் கட்டுரை கேட்டபோது, கவிஞர்கள் கூடும் மலரில் வேலியைப் பற்றி எழுதுவதா என நண்பர் ஒருவர் நகைத்தார். நம் பழம்புலவர்கள் அவ்வாறு நகைத்திலர் என்பதே அவருக்கு நான் தரும் விடை.

ஐங்குறுநூற்றின் முதல் நூறாகிய மருதத்தைப் பாடியவர் ஓரம்போகியார். அந்நூறனுள் இரண்டாம் பத்துக்கு வேழப்பத்து என்று பெயர். வேழம் என்றவுடன் நம்முள் பலர்க்கு யானை நினைவுக்கு வரும். கரும்பையும் மூங்கிலையும்கூட அச்சொல் குறிக்கும். இப்பத்தில் அது கொறுக்கை எனப்படும் நாணல் வகையைக் குறிப்பதாக உரைகாரர் கொள்வர். வயலோரத்திலும் ஆற்றங்கரையிலும் நிற்கும் ஒரு புல்லுக்குப் பத்துப் பாட்டு! பத்தின் முதற்பாட்டு, மனையில் நட்ட வயலைக்கொடி வெளியே படர்ந்து வேழத்தைச் சுற்றிக்கொள்ளும் காட்சியோடு தொடங்குகிறது. வயலை என்பது பசலைக்கொடி. மனைவியை விட்டுப் பரத்தையை நாடும் தலைவனுக்கு அக்கொடி உள்ளுறையாயிற்று என்பது உரை. உள்ளுறை ஒருபுறம் இருக்கட்டும்; அது எழுந்த இடத்தை நோக்குவோம். வீட்டுக்கொடி முடிந்து ஊர்ப்புல் தொடங்கும் எல்லை அது. அகத்துக்கும் புறத்துக்கும் இடைப்பட்ட கோட்டை அப்புலவர் நாணலால் வரைந்திருக்கிறார்.

கடியலூர் உருத்திரங்கண்ணனார் தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய பெரும்பாணாற்றுப்படையில் இன்னும் வெளிப்படையான சான்று உண்டு. வலைஞர் தம் குடிலை எவ்வாறு கட்டினர் என்பதை ஒரு கொத்தன் சொல்வதுபோல் வரிசையாகச் சொல்கிறார்: வேழக்கோலை நிரையாக நிறுத்தி, இடையே வெண்மையான மரக்கொம்புகளைக் கலந்து, தாழைநாரால் கட்டி, மேலே தருப்பைப்புல் வேய்ந்த குடில். அதே நூலில் இடையர் வாழ்விடத்துக்கு முள்வேலியும் கழிகளால் ஆன கதவும் பேசப்படுகின்றன. நாணலைக் கட்டும் முறையில் இரண்டாயிரம் ஆண்டுகளில் பெரிய மாற்றம் நேரவில்லை என்பது, பின்னே நான் கூறப்போவதிலிருந்து விளங்கும்.

நொச்சியையும் விட்டுவிடலாகாது. நம் கொல்லைகளில் உயிர்வேலியாக நிற்கும் அதே நொச்சிதான் புறப்பொருள் வெண்பாமாலையில் மதில் காத்தலுக்குரிய திணையாயிற்று. தொல்காப்பியர் அதைத் தனித்திணையாகக் கொள்ளாமல் உழிஞையுள் அடக்கினார். ஆட்டை மறிக்கும் செடி அரசனின் மதிலைக் காக்கும் வீரனுக்குக் கண்ணியாகியது. நிலத்தை அளக்கவும் 'வேலி' என்ற சொல்லையே சோழநாட்டார் கையாண்டனர். இருபது மா ஒரு வேலி, ஏறத்தாழ ஆறரை ஏக்கர். அடைத்த இடமே அளவின் பெயராயிற்று போலும்.

இனி நாணற்றட்டிக்கு வருவோம். எங்கள் பழைய வீட்டுக் கிணற்றடியைச் சுற்றி அத்தகைய தட்டி ஒன்று நின்றது. பெண்டிர் நீராடவும் பாத்திரம் துலக்கவும் அமைந்த மறைப்பு அது. ஓலையால் முடைந்து நிறுத்துவதற்கு நிரைசல் என்று பெயர். எங்கள் பக்கத்தில் நாணலாயினும் சோளத்தட்டையாயினும் 'தட்டி' என்றே வழங்கினர்.

நாணல் பூத்து முடிந்து, கோல் முற்றியபின் அறுப்பார்கள். மழைக்கு முன் அறுத்த பச்சைக்கோல் காய்ந்ததும் சுருங்கிச் சந்து விட்டுவிடும். அறுத்ததைச் சோகை உரித்து, நிழலும் வெயிலுமாகக் காயவிடுவர். நாணற்கோல் அடியில் பருத்து நுனியில் சிறுத்திருக்கும் ஆதலால், ஒரு கோலின் அடியும் அடுத்த கோலின் நுனியும் மாறி மாறி வருமாறு அடுக்கினால்தான் தட்டி ஒருபுறம் சாயாமல் நேராக நிற்கும். பிறகு முன்னும் பின்னுமாகக் குறுக்கே வரிச்சுக் கழிகளை வைத்து, சாண் இடைவெளியில் நனைத்த பனைநாராலோ கற்றாழை நாராலோ இறுக்குவர். நனைத்த நார் காயும்போது தானே இறுகும்; கம்பி பல பருவம் வெயிலும் மழையும் பட்டால் துருப்பிடித்துக் கோலை அறுக்கும். தட்டியின் அடி மண்ணில் படக்கூடாது. நாலு விரல் உயர்த்தி, கரையான் ஏறாதவாறு கல் வரிசையின் மேல் நிறுத்த வேண்டும். இவ்வளவும் செய்தாலும் இரண்டு மூன்று ஆண்டுகளே அதன் ஆயுள். பின்னர் அது அடுப்புக்குப் போகும், புதியது வரும்.

இந்த நிலையாமையே அதன் குறை என்பர். ஆனால் நம் ஊரின் காற்றை அறிந்தவர்கள் வேறு விதமாகச் சொல்வார்கள். ஆனி ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியே பாயும் காற்றுக்கு முன்னே கற்சுவர் நின்றால், காற்று சுவரின் தலைக்கு மேல் ஏறி மறுபுறம் சுழன்று விழும். சுவரருகே உள்ள செடி கிறங்கிப்போகும். தட்டியோ காற்றை முழுவதும் தடுப்பதில்லை. சல்லடைபோல் அதன் வேகத்தை வாங்கிக்கொண்டு மிச்சத்தை உள்ளே விடுகிறது. இளங்கன்று எலுமிச்சைக்கும் வெற்றிலைக் கொடிக்கும் தேவைப்படுவது அத்தகைய காற்றுதான். புளியங்குடி எலுமிச்சைக்கு 2025ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தபோது பலரும் மண்ணையும் மலைநீரையும் புகழ்ந்தார்கள். காற்றை யாரும் நினைத்ததாகத் தெரியவில்லை.

மேற்கே மலை ஏறினால் நாணலுக்கு மூத்த உறவு ஒன்று உண்டு. மலையாளத்தார் 'ஈற்ற' என்று வழங்கும் அம்மெல்லிய மூங்கிலினம் தென்மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரியது. காணிக்காரர் குடில்களுக்குச் சுவரும் கூரையும் அதனாலேயே அமைந்தன. ஒரு காடு முழுவதும் ஒரே சமயத்தில் பூத்து, பூத்தபின் பட்டுப்போவது அதன் இயல்பு. 1888இல் புனலூரில் காகித ஆலை எழுந்தபோது, நம் மலைக்கு அப்புறத்து ஈற்றைக் காடுகள் காகிதமாயின. வேலிக்குரிய கோல் கவிதைக்குரிய தாளாயிற்று என்று நம் கவிஞர்கள் மகிழ்ந்துகொள்ளலாம். ஈற்றை முடைந்து பிழைத்த குடிகள் அவ்வாறு மகிழ்ந்திருக்க இயலாது. எழுதுகோலும் நாணலே: அரபு, பாரசீக எழுத்துக்கலை நாணற்கோலைச் சீவி எழுந்தது. மௌலானா ரூமியின் மஸ்னவி, நாணற்காட்டிலிருந்து வெட்டிப் பிரிக்கப்பட்ட புல்லாங்குழலின் புலம்பலோடு தொடங்குகிறது.

வேலி என்பது தமிழர் வாழ்வில் எத்துணை ஆழமான செய்தி என்பதை அறிய யாழ்ப்பாணத்தை நோக்க வேண்டும். அங்கே அது ஒரு பண்பாடு. எல்லையில் கதியால் நடுவர். பூவரசு, கிளுவை, முள்முருக்கு, பிற்காலத்தில் சீமைக்கிளுவை. கதியால் துளிர்த்து ஆட்டுக்குக் குழையும் தோட்டத்துக்குப் பசளையும் தரும். கதியால்களுக்கிடையே, ஊறவைத்துப் பின்னிய தென்னோலைக் கிடுகையோ பனையோலையையோ வரிசை வரிசையாகக் கட்டுவர். ஆண்டுதோறும் வேலியடைப்பு ஒரு குடும்ப நிகழ்ச்சி. கழித்த பழைய ஓலை வீணாவதில்லை. தோட்டத்து மண்ணில் புதைக்கப்பட்டு எருவாகும். வாயிலில் சிறு கூரையிட்ட சங்கடப்படலை. வழிப்போக்கன் இருந்து இளைப்பாறத் திண்ணையும், குடிக்கத் தண்ணீர்ப் பானையும் அங்கே இருக்கும். உள்ளே யாரும் பார்க்க முடியாதபடி அடைத்துவிட்டு, வாயிலில் முன்பின் அறியாதவனுக்குத் தண்ணீர் வைத்த மக்கள்! அடைத்த வேலியிலேயே அண்டை வீட்டுக்குப் போய்வர ஒரு துவாரம் விடுவார்கள். அதற்குப் 'பொட்டு' என்று பெயர். உறவு முறிந்தால் முதலில் அடைபடுவது பொட்டுதான். கதியால் அரையடி நகர்ந்ததற்காக நீதிமன்றம் ஏறிய கதைகளும் அங்கே ஏராளம். செங்கை ஆழியான் தம் நாவல் ஒன்றுக்குக் 'கிடுகு வேலி' என்றே பெயரிட்டார். 1995 அக்டோபர் 30 அன்று வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் ஒரே இரவில் வெளியேறினர். அவர்கள் விட்டுச்சென்ற மனைகளில் அவ்வாண்டு வேலியடைக்க யாரும் இல்லை.

நாணலும் ஓலையும் நம் பக்கத்தில் மறைந்ததற்குக் காரணங்கள் பல. முதலில் வந்தது சப்பாத்திக்கள்ளி. 1795இல் சாயப்பூச்சி வளர்ப்பதற்காகக் கும்பினியார் சென்னைப் பக்கம் ஊக்குவித்த இவ்வமெரிக்கச் செடி, செலவில்லாத வேலியாகப் பரவி, பின் வேலியைத் தாண்டி வயலையே விழுங்கியது. வேலியே பயிரை மேய்ந்த கதை பழமொழியாக அன்றி மெய்யாகவே நடந்தது. 1926இல் இலங்கையிலிருந்து கொண்டுவரப்பட்ட இன்னொரு பூச்சிதான் அதை அடக்கியது. பின்னர் சீமைக்கருவேல். அதன்பின் முள்கம்பி, 1874இல் அமெரிக்காவில் கிளிட்டன் என்பார் உரிமை பெற்ற அக்கம்பி, நம் தோட்டங்களைக் கல்தூணோடு வந்து சூழ்ந்தது. இறுதியாகச் சுற்றுச்சுவர்.

எங்கள் கிணற்றடித் தட்டி இருந்த இடத்தில் சுவர் எழுந்தபோது நான் கல்லூரி மாணவன். வீட்டில் எல்லாருக்கும் பெருமை. என் ஆச்சி மட்டும் ஒன்றும் பேசவில்லை. அவளுக்கும் அடுத்த வீட்டுக்காரிக்கும் நாற்பது ஆண்டுகளாகத் தட்டியே அஞ்சல் நிலையம். "என்ன மதினி, ஒல கொதிச்சாச்சா?" என்று அங்கிருந்து குரல் வரும்; "இப்பத்தான் மதினி அரிசி களையுதேன்" என்று இங்கிருந்து போகும். முகம் தெரியாது; குரல் முழுவதும் தெரியும். ஒருத்தி இருமினால் மற்றொருத்தி சுக்கு தட்டிவிடுவாள். சுவர் வந்தபின் ஒருவரையொருவர் காண வேண்டுமானால் தெருவழியே, சேலை மாற்றிக்கொண்டு, விருந்தினர்போல் போக வேண்டியதாயிற்று. இரண்டொரு முறை போனார்கள். பின்னர் அதுவும் நின்றது. சண்டை ஏதுமில்லை.

இதனால் பழைய தட்டியைத் தெய்வமாக்கிவிட நான் விரும்பவில்லை. ஒரு பொறி விழுந்தால் தெரு முழுவதும் எரியும். பெண்ணை உள்ளே நிறுத்தவும் அது பயன்பட்டது. குளத்தங்கரையில் சேற்றில் நின்று நாணல் அறுத்து, கையெல்லாம் கீறலோடு தட்டி கட்டிக் கொடுத்தவர், கட்டி முடித்தபின் அதன் உட்புறத்தை மீண்டும் கண்டதில்லை. கூலியும் மோரும் வாயிற்புறத்திலேயே அவருக்குக் கிடைத்தன. வேலியைப் பாடும்போது அதையும் சேர்த்துப் பாடுவதே நேர்மை.

இப்போது பெருநகரங்களில் நாணற்றட்டி அழகுப்பொருளாகத் திரும்பி வந்திருக்கிறது. உணவு விடுதிகளிலும் மாடித் தோட்டங்களிலும் சுருளாக வாங்கிவந்து மாட்டுகிறார்கள். நாணல்போல் வார்த்த பிளாஸ்டிக்கும் அதன் பக்கத்திலேயே விற்பனையாகிறது. தாமிரவருணிக் கரையின் கோரை, பத்தமடைப் பாயாக உலகம் சுற்றிய பெருமை நமக்கு உண்டு. நாணலுக்கு அப்பேறு வாய்க்கவில்லை. மணல் அள்ளிய ஆற்றுப்படுகையிலும் கரை வெட்டிய ஓடையிலும் அது வேர்கொள்ள இடமில்லை. மண்ணைப் பிடித்து நிறுத்துவது அதன் வேர்தான் என்பது வெள்ளம் வந்து கரை உடைந்த பின்னரே நினைவுக்கு வருகிறது.

சென்ற தை மாதத்தில் என் வீட்டுக் கொல்லையின் தென்புறத்தில், சுவர் இடிந்துவிழுந்த பத்தடிக்கு நாணற்றட்டி கட்டுவித்தேன். கட்டுவதற்கு ஆள் தேடவே மூன்று வாரம் ஆயிற்று. எழுபதைக் கடந்த பெரியவர் ஒருவர் வந்தார். அடியும் நுனியும் மாற்றி அடுக்க அவர் கை மறக்கவில்லை. நார் கிடைக்காமல் நைலான் கயிற்றால் கட்டினோம். அவருக்கு அதில் திருப்தியில்லை. வேலை முடிந்ததும் இருவரும் உள்ளே கிணற்றடியில் அமர்ந்து காப்பி குடித்தோம். இப்புறம் நட்ட பசலைக்கொடி பங்குனிக்குள் தட்டியைச் சுற்றி அப்புறம் எட்டிப் பார்த்துவிட்டது. வேண்டிய மட்டும் பறித்துக்கொள்ளுமாறு அடுத்த வீட்டாரிடம் சொல்லியிருக்கிறேன்.