எம். பழனி குமார்

எம். பழனி குமார் மதுரையைச் சேர்ந்த ஆவணப் புகைப்படக் கலைஞர். கையால் மலம் அள்ளும் வேலையில் தள்ளப்பட்டவர்கள், சாக்கடைக் குழிக்குள் இறங்கி உயிர்விட்டவர்களின் குடும்பங்கள், கடலிலும் கழிமுகத்திலும் உடம்பையே முதலாகப் போட்டுப் பிழைக்கும் பெண்கள் ஆகியோரை ஆண்டுக்கணக்கில் படமெடுத்து வருகிறார். ‘கக்கூஸ்’ (2017) ஆவணப்படத்தின் ஒளிப்பதிவாளர். பத்திரிகையாளர் பி. சாய்நாத் 2014 டிசம்பரில் தொடங்கிய, ஊரக இந்தியாவுக்கான மக்கள் ஆவணக் காப்பகமான ‘பாரி’யின் பணியாளர் புகைப்படக் கலைஞராக இருக்கிறார்.

பழனி குமார் வளர்ந்தது மதுரை ஜவஹர்லால்புரத்தில். அம்மா மீன் விற்றுக் குடும்பத்தை நடத்தியவர். விடிவதற்கு வெகு முன்பே சந்தைக்குப் போய், ஏலத்தில் மீன் எடுத்து, கூடையோடு தெருவுக்குத் திரும்பும் ஒரு பெண்ணின் நாள் எப்படிக் கழியும் என்பது பழனி குமார் கேமராவைத் தொடும் முன்பே அறிந்த விஷயம். பின்னாளில் அம்மாவையே படமெடுத்து, அவர் வாழ்க்கையைப் பற்றி எழுதவும் செய்தார். ஆவணப் புகைப்படக்காரர்கள் பெரும்பாலும் தங்களுக்கு அந்நியமான ஓர் உலகத்துக்குள் போய்த்தான் பெயர் வாங்குகிறார்கள். இவர் தொடங்கியது சொந்த வீட்டு வாசலில். அவருடைய பிற்காலப் படங்களில் மீன்காரப் பெண்கள் திரும்பத் திரும்ப வருவதற்கு வேறு விளக்கம் தேட வேண்டியதில்லை.

சாக்கடை மரணங்கள்

இவருடைய பணியில் கனமான பகுதி மனிதக் கழிவை மனிதர் அகற்றும் கொடுமையைப் பற்றியது. திவ்யபாரதி இயக்கிய ‘கக்கூஸ்’ தமிழ்நாட்டின் பல மாவட்டங்களில் தூய்மைப் பணியாளர்களைத் தேடிப் போய் எடுக்கப்பட்ட படம். பல ஊர்களில் அதன் திரையிடலைக் காவல்துறை தடுத்தது. பிறகு யூடியூபில் வெளியாகிப் பரவலாகப் பார்க்கப்பட்டது. இயக்குநர் மீது வழக்குகள் பாய்ந்தன. படம் முடிந்ததோடு ஒளிப்பதிவாளரின் வேலை முடியவில்லை. சாக்கடையிலும் கழிவுநீர்த் தொட்டியிலும் விஷவாயு தாக்கி யாராவது இறந்தால், அந்த இடத்துக்கும், பிணவறைக்கும், வீட்டுக்கும் பழனி குமார் தொடர்ந்து போனார். இறந்தவர்களின் பிள்ளைகளை மையமாக வைத்து அவர் நடத்திய ‘நானும் ஒரு குழந்தை’ புகைப்படக் கண்காட்சி இந்த உழைப்பிலிருந்து உருவானது.

இப்படி ஆண்டுக்கணக்கில் தொடர்வதற்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் என்பதைச் சட்டத்தின் நடையைப் பார்த்தால் விளங்கும். கையால் மலம் அள்ள ஆள் அமர்த்துவதை முதலில் தடை செய்த சட்டம் 1993-இல் வந்தது. சாக்கடை, கழிவுநீர்த் தொட்டி வேலையையும் உள்ளே கொண்டுவந்த விரிவான சட்டம் 2013-இல் வந்தது. 1993 முதல் சாக்கடையில் இறந்தவர்களின் குடும்பங்களை அடையாளம் கண்டு தலா 10 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014 மார்ச்சில் தீர்ப்பளித்தது. 2023 அக்டோபரில் அந்தத் தொகையை 30 லட்சமாக உயர்த்தியது. ஒன்றிய அரசு நாடாளுமன்றத்தில் அவ்வப்போது தரும் சாக்கடை மரணக் கணக்குகளில் தமிழ்நாடு முன்வரிசையிலேயே நிற்கிறது.

சட்டம் இருக்கிறது, தீர்ப்பு இருக்கிறது. குழிக்குள் இறங்கியவரை யார் வேலைக்கு அழைத்தார் என்ற கேள்வி வந்ததும் ஒப்பந்தக்காரர், துணை ஒப்பந்தக்காரர், வீட்டு உரிமையாளர் என்று பொறுப்பு கைமாறிக்கொண்டே போகும். கடைசியில் யாருமே அழைக்கவில்லை என்றாகிவிடும். செத்தவரின் மனைவி சான்றிதழுக்கும் மனுவுக்குமாக அலுவலகம் அலுவலகமாக அலைவார். செய்தித்தாளுக்கு அந்த மரணம் ஒருநாள் செய்தி. குடும்பத்துக்கு அது பல ஆண்டு வழக்கு. அந்த ஆண்டுகள் நெடுக யாராவது உடனிருந்து பதிவு செய்தால்தான், நிவாரணம் வந்ததா, பிள்ளைகள் பள்ளியில் நீடித்தார்களா, அடுத்த தலைமுறையும் அதே வேலைக்குத் தள்ளப்பட்டதா என்பதெல்லாம் பதிவில் ஏறும். பழனி குமாரின் படங்களுக்கு அழகியல் மதிப்பு உண்டு. இந்தச் சாட்சி மதிப்பு அதைவிடப் பெரிது என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

நீரில் உழைக்கும் பெண்கள்

ராமநாதபுரம் மாவட்டம் திருப்புல்லாணி வட்டாரத்தின் பாரதிநகர் மீனவப் பெண்கள் மன்னார் வளைகுடாத் தீவுகளை ஒட்டிய கடலில் மூழ்கிப் பாசி எடுப்பவர்கள். மரிக்கொழுந்து, கட்டக்கோரை என்று அவர்கள் பெயர் சொல்லும் பாசிகளில் இருந்துதான் ‘அகார்’ எனப்படும் கூழ்மப்பொருள் தயாராகிறது. இனிப்பு வகைகளிலும் ஆய்வுக்கூடங்களிலும் பயன்படும் அந்தப் பொருளின் விலைக்கும் கடலில் மூழ்கும் பெண்ணின் கூலிக்கும் இடையே பெரிய தூரம். பாறை கிழிக்காமல் இருக்க விரலில் துணிப்பட்டை சுற்றி, அதன்மேல் உறை மாட்டி, கண்ணாடி அணிந்து அவர்கள் குதிக்கிறார்கள். அந்தத் தீவுகள் 1986-இல் அறிவிக்கப்பட்ட கடல் தேசியப் பூங்காவுக்குள் வருவதால் வனத்துறையின் கெடுபிடியும் சேர்ந்துகொள்கிறது. தலைமுறைகளாக அங்கே மூழ்கி வந்தவர்கள் ஒரே அறிவிப்பில் அத்துமீறுபவர்கள் ஆனார்கள். பழனி குமாரின் படக்கட்டுரை இந்தப் பெண்களின் உடல் படும் பாட்டையும் கூலிக் கணக்கையும் சேர்த்தே காட்டுகிறது.

சென்னைக்கு வடக்கே கொசஸ்தலையாற்றில் வெறுங்கையால் துழாவி இறால் பிடிக்கும் இருளர் பெண்கள் மற்றொரு தொடர். பனையோலைக் கூடையைப் பல்லால் கடித்துக்கொண்டு, இரு கைகளாலும் சேற்றைத் துழாவி அவர்கள் நகர்வார்கள். ஆற்றைச் சுற்றி அனல்மின் நிலையங்கள் வந்தன. சாம்பலும் சூடான நீரும் கலக்கக் கலக்க இறால் குறைந்தது. அந்த ஆறு கடலில் கலக்கும் எண்ணூர்ப் பகுதியின் தொழில்மயம் பற்றி அறிக்கைகள் ஏராளம் இருக்கின்றன. அந்த மாசு ஒருத்தியின் கையிலும் காலிலும் எப்படிப் புண்ணாகிறது என்பதை அறிக்கை சொல்லாது. கடலூர்த் துறைமுகத்தில் மீன் கழிவையும் செதிலையும் சேர்த்து விற்றுப் பிழைக்கும் பெண்களையும் அவர் பதிவு செய்திருக்கிறார்.

நெடுங்கால ஆவணம்: ஓர் ஒப்பீடு

பழனி குமாரைப் போல ஒரே இடத்துக்கு ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்பப் போய் எடுக்கும் முறைக்கு, உலக அளவில் அண்மைக்காலத்தின் வளமான களம் சோவியத் ஒன்றியம் உடைந்த பிறகான நாடுகள். 1991-க்குப் பின் அங்கே ஆலைகள் மூடின, எல்லைகள் முளைத்தன, சேமிப்பு கரைந்தது. ஒரு வாரச் செய்திப் பயணத்தில் அடங்கும் கதையாக அது இல்லை. நெதர்லாந்துப் புகைப்படக் கலைஞர் ராப் ஹார்ன்ஸ்ட்ரா, எழுத்தாளர் ஆர்னால்ட் வான் புருகனுடன் சேர்ந்து 2009 முதல் சோச்சி நகரையும் சுற்றியுள்ள காகசஸ் பகுதியையும் தொடர்ந்து பதிவு செய்தார். 2014 குளிர்கால ஒலிம்பிக்கை ஒட்டி நடந்த அந்தப் பணியின் கடைசிக் கட்டத்தில் ரஷ்யா அவர்களுக்கு விசா மறுத்துவிட்டது. நார்வேயின் ஜோனாஸ் பெண்டிக்சன், அங்கீகாரம் பெறாத குட்டி நாடுகளையும் கைவிடப்பட்ட விளிம்புகளையும் சுற்றி எடுத்த படங்கள் 2006-இல் ‘சாட்டிலைட்ஸ்’ என்ற நூலாயின.

இருவரும் வெளியிலிருந்து போனவர்கள். பழனி குமாரோடு ஒப்பிட இவர்களைவிடப் பொருத்தமானவர் உக்ரைனின் கார்கிவ் நகரில் 1938-இல் பிறந்த போரிஸ் மிகைலோவ். தொண்ணூறுகளின் இறுதியில் தன் சொந்த ஊரின் வீடற்ற மனிதர்களை அவர் படமெடுத்தார். அவர்களுக்குப் பணம் கொடுத்து, உடையைக் களைந்து நிற்க வைத்து எடுத்த படங்கள் கடும் விவாதத்தைக் கிளப்பின. ஊர்க்காரர் என்பதாலேயே ஒருவர் எடுக்கும் படம் நியாயமாகிவிடாது என்பதற்கு அது சான்று. பழனி குமார் போன பாதை வேறு. இவருடைய படங்களில் இருப்பவர்கள் பெரும்பாலும் தங்கள் வேலைக்கு நடுவே, அல்லது நேருக்கு நேர் நம்மைப் பார்த்தபடி இருக்கிறார்கள். பார்ப்பவருக்கு இரக்கம் எழும் முன்பே கூச்சம் எழுகிறது.

விருதுகளும் பயிற்சியும்

பழனி குமார் 2020-இல் ‘சம்யக் திருஷ்டி’ மற்றும் ஃபோட்டோ சவுத் ஏசியா நிதிநல்கையும், 2021-இல் ‘ஆம்ப்ளிஃபை’ நிதிநல்கையும் பெற்றார். மிகைலோவ் 2000-இல் பெற்ற, புகைப்படத்துக்கான ஹாசல்பிளாட் விருதை 2022-இல் பெற்றவர் டெல்லியின் புகைப்படக் கலைஞர் தயானிதா சிங். அதைத் தொடர்ந்து அவர் பாரியுடன் சேர்ந்து ஆவணப் புகைப்படத்துக்காக 2 லட்சம் ரூபாய் விருது ஒன்றை நிறுவினார். அதன் முதல் விருதாளர் பழனி குமார்.

அண்மை ஆண்டுகளில் இவர் அதிகம் நேரம் செலவிடுவது கேமராவைப் பிறர் கையில் கொடுப்பதில். நாகப்பட்டினத்து மீனவப் பெண்களுக்கும், வியாசர்பாடி உள்ளிட்ட வடசென்னைப் பகுதிகளின் இளைஞர்களுக்கும், தூய்மைப் பணியாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கும் பயிற்சி நடத்தியிருக்கிறார். அவர்கள் எடுத்த படங்கள் கண்காட்சிகளாகவும் வந்திருக்கின்றன. வடசென்னை என்றாலே கத்தியும் ரத்தமும் என்று சினிமா பழக்கிவைத்த கண்ணுக்கு, அங்கேயே வளர்ந்த பிள்ளைகள் எடுத்த படங்கள் நல்ல மருந்து. பழனி குமாரின் படக்கட்டுரைகளைப் பாரி தளத்தில் தமிழிலேயே கட்டணமின்றிப் படிக்கலாம். பாசி எடுக்கும் பெண்களில் தொடங்குவது நல்லது.