நாலணா அபராதம்

தர்மபுரியிலிருந்து வத்தல்மலைக்கு ஏறுகிறவர், அடிவாரத்துக் கரம்புகளையும் வனத்துறையின் எல்லைக் கற்களையும் கடந்து, காப்பிச் செடியும் மிளகுக் கொடியும் சாமைக் கொல்லையும் கலந்து கிடக்கும் மலைத்தட்டை அடையும்போது, முதலில் எதிர்ப்படுவது பெரும்பாலும் மனிதர் அல்லர், மாடுகளே. இத்தகைய ஊர்களில், கொல்லைக்குள் புகுந்து பழகிவிட்ட கள்ளமாட்டின் கழுத்தில் முழ நீள மரக்கட்டை ஒன்றைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுவது நெடுங்கால வழக்கம். மாடு மெல்ல நடந்தால் கட்டை சும்மா ஆடிக்கொண்டிருக்கும். ஓட முயன்றால் முன்னங்கால் முட்டியில் 'டொக் டொக்'கென்று இடிக்கும். மாடு தானே தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பிராணிகளை அடக்கியாள மனிதன் செய்த விதிகளில் இதைவிடச் சிக்கனமானது வேறில்லை என்பது என் எண்ணம்.

இந்தக் கட்டையின் இடத்தைச் சர்க்கார் கச்சேரி பிடித்துக்கொண்ட கதைதான் பவுண்டின், அதாவது அத்துமீறிய கால்நடைகளை அடைத்துவைக்கும் தொழுவத்தின், சரித்திரம். பண்டிதர்கள் கொண்டித்தொழு என்று எழுதினாலும், ஜனங்கள் வாயில் நின்றது 'பவுண்டு' என்ற ஆங்கிலச் சொல்லே. 1857-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றுக்குப் பின், 1871-ஆம் ஆண்டின் முதலாவது சட்டமாகக் கால்நடை அத்துமீறல் சட்டம் இயற்றப்பட்டது. அதன் அட்டவணையைப் படிக்கையில் சிரிப்பும் சிந்தனையும் ஒருங்கே எழுகின்றன. யானைக்கு இரண்டு ரூபாய், ஒட்டகத்துக்கும் எருமைக்கும் எட்டணா, குதிரைக்கும் பசுவுக்கும் காளைக்கும் நாலணா, கன்றுக்கும் கழுதைக்கும் பன்றிக்கும் இரண்டணா, ஆட்டுக்கு ஓரணா. யானையும் ஒட்டகமும் சட்டத்தின் கண்ணில் 'கால்நடை' ஆயின. நாயும் கோழியும் ஆகவில்லை.

பயிரில் மேய்ந்த மாட்டை நிலத்துக்காரர் பிடித்து, இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் பவுண்டில் சேர்க்க வேண்டும். சென்னை ராஜதானியில் கிராமத் தலைவரே பவுண்டுக் காவலர். ஏழு நாட்களுக்குள் எவரும் உரிமை கோராவிடில் போலீசுக்குத் தகவல் போகும். பிறகு அறிவிப்பு, அதன் பிறகு ஏலம். அபராதத்தோடு தீனிச் செலவையும் கட்டித்தான் மாட்டை மீட்க வேண்டும் என்பதால், அடைபட்ட ஒவ்வொரு பொழுதும் கடன் ஏறிக்கொண்டே போகும். முந்தானையில் சில்லறையை முடிந்துகொண்டு பவுண்டு வாசலில் காத்து நின்ற குடியானவப் பெண்களுக்கு அந்தக் கணக்கு மனப்பாடம். எனினும் நியாயமாகச் சொல்ல வேண்டுமானால், ஏலத்தில் விடும் மாட்டைக் காவலரோ போலீசு அதிகாரியோ நேராகவோ மறைமுகமாகவோ வாங்கக் கூடாது என்று அதே சட்டம் தடுத்தது. சட்டம் செய்தவர்கள் மாட்டின் குறும்பை மட்டுமல்ல, காவலரின் குறும்பையும் அறிந்திருந்தார்கள்.

வத்தல்மலை போன்ற இடங்களுக்கு உண்மையான இடி பயிர் வேலியிலிருந்து வரவில்லை, காட்டு வேலியிலிருந்து வந்தது. இங்கு வாழும் மலையாளிகள், அதாவது கேரளத்தாரல்லாத, காஞ்சீபுரத்திலிருந்து வந்தவர்கள் என்று தம் பூர்வகதையைச் சொல்லிக்கொள்ளும் தமிழ் பேசும் பழங்குடியினர், மேய்ச்சலுக்குச் சுற்றியிருந்த காட்டையே நம்பியவர்கள். 1882-ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம் 1883 ஜனவரி முதல் தேதி அமலுக்கு வந்ததும், ஒதுக்குக்காட்டில் அனுமதியின்றி மாடு மேய்ப்பது குற்றமாயிற்று. நேற்று வரை வழியாயிருந்தது இன்று அத்துமீறல்.

அக்கால வனத்துறையின் மனோபாவத்தை அறிய வேறொரு சாஸனத்தைப் பார்க்கலாம். 1927-ஆம் ஆண்டின் இந்திய வனச் சட்டம் சென்னை மாகாணத்துக்குப் பொருந்தாது. ஆயினும் அதன் அபராதக் கணக்கு பல செய்திகளைச் சொல்கிறது. காட்டில் புகுந்த பசுவுக்கு ஒரு ரூபாய் வரையும், ஆட்டுக்கு எட்டணா வரையும் விதிக்கலாம் என்றது அது. வயலில் புகுந்ததற்கு 1871-இல் குறித்த தொகையோடு ஒப்பிட்டால் பசுவுக்கு நான்கு மடங்கு, ஆட்டுக்கு எட்டு மடங்கு! வெள்ளாடு கொழுந்தைக் கடித்தால் மரம் எழாது என்பது வனத்துறையின் நெடுநாள் கோபம். அது முழுப் பொய்யன்று. ஆனால் ஆடு ஏழையின் சேமிப்பு என்பதும் பொய்யன்று. இந்த வழக்கு இன்னும் ஓயவில்லை. 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் மாநிலத்துக் காடுகளிலெல்லாம் மேய்ச்சலைத் தடைசெய்து, அதே மாதத்தில் அத்தடையைத் தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் இவற்றளவில் சுருக்கிக்கொண்டது.

நகரங்களின் கதையைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம், ஏனெனில் அங்கே கருவி மாறவில்லை, காக்கப்படும் பொருள்தான் மாறிற்று: முன்பு பயிர், பிறகு காடு, இப்போது போக்குவரத்து. 1997-இல் நகர்ப்புறங்களில் பிராணிகளையும் பறவைகளையும் வளர்க்க உரிமம் கோரும் தனிச் சட்டத்தைத் தமிழகம் இயற்றியது. சென்னையில் தெருவில் பிடித்த மாடுகள் புதுப்பேட்டையிலும் பெரம்பூரிலும் உள்ள தொழுவங்களுக்குப் போகும். 2023-இல் அரும்பாக்கத்தில் பள்ளிச் சிறுமி ஒருத்தியை மாடு முட்டியபின் அபராதம் 5,000 ரூபாயாகவும், 2024-இல் 10,000 ரூபாயாகவும் உயர்ந்தது. நாலணாவில் தொடங்கிய பசுவின் அபராதம் இது. தொகை ஏறியிருக்கிறதே ஒழிய, மேய்ச்சல் நிலமற்ற ஊரில் பசு எங்கே போய் நிற்க வேண்டும் என்ற கேள்விக்கு அட்டவணையில் இன்றுவரை பத்தி இல்லை.

1871-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இன்னொரு விதியும் இருந்தது. அபராதப் பணத்தில் பவுண்டுச் செலவு போக எஞ்சுவதைச் சாலைகளும் பாலங்களும் அமைக்கச் செலவிட வேண்டும் என்பது அது. வத்தல்மலைக்குத் தார்ச்சாலை ஏறியது இந்த நூற்றாண்டில்தான்.