பத்தாவது எபிசோடுக்கும் பதினொன்றாவதுக்கும் நடுவில்

டிஸ்கி: 'மடோகா மேஜிகா' இன்னும் பார்க்காதவர்கள் இங்கேயே அப்பீட் ஆகிவிடுவது நல்லது. முடிவு வரைக்கும் போட்டு உடைக்கப் போகிறேன். அப்புறம் திட்டக்கூடாது.

அனிமே பார்க்கிற யாரிடமாவது இந்தத் தொடரைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். "மூணாவது எபிசோட் வரைக்கும் பொறுத்துக்கோ மச்சி, அப்புறம் பேசலாம்" என்பார்கள். நானும் காலேஜ் ஹாஸ்டலில் இப்படித்தான் மாட்டினேன். நண்பனின் ஹார்ட் டிஸ்க், ஒரே ராத்திரி, பன்னிரண்டு எபிசோடும் காலி. ரொம்ப நாள் கழித்து, 2011-ல் ஜப்பானில் இதை வாராவாரம் பார்த்தவர்கள் கதையைத் தேடிப் படித்தபோதுதான் நான் பார்த்தது பாதிதான் என்று புரிந்தது. மூணாவது எபிசோட் அதிர்ச்சியெல்லாம் சும்மா. நிஜமான சமாச்சாரம் பத்துக்கும் பதினொன்றுக்கும் நடுவில் இருக்கிறது.

கொஞ்சம் பின்னாடி போய் ஆரம்பிக்கிறேன். மந்திரச் சிறுமி கதைகள் ஜப்பான் டிவியில் 1966-ல் 'சாலி' தொடரிலிருந்து ஓடிக்கொண்டிருக்கின்றன. பள்ளிக்கூடம் போகிற ஒரு பெண், கையில் ஒரு மந்திரக்கோல், கூடவே அலைய பேசும் பிராணி ஒன்று. மந்திரக்கோலைப் பொம்மைக் கம்பெனி கடையில் விற்கும். அந்தக் காசில் தொடர் ஓடும். இதில் சாவு, சோகம் எல்லாம் மடோகாதான் கொண்டுவந்தது என்று நிறைய பேர் நினைக்கிறார்கள். தப்பு. 1982-ல் ஆரம்பித்த 'மிங்கி மோமோ'வில் நாயகியே 46-வது எபிசோடில் லாரி மோதிச் செத்துப்போகிறாள். பார்த்துக்கொண்டிருந்ததெல்லாம் சின்னப் பசங்க! 1993 பிப்ரவரியில் 'செய்லர் மூன்' 45-வது எபிசோடில் நாலு தோழிகளும் ஒரே அத்தியாயத்தில் அடுத்தடுத்து சாகிறார்கள். 1997-ல் இகுஹாரா குனிஹிகோவின் 'உதேனா' வந்து, விசித்திரத்தில் எவ்வளவு தூரம் போகலாம் என்றும் காட்டிவிட்டது.

ஆக 2011 ஜனவரியில் மடோகா ஆரம்பித்தபோது டிவி முன்னால் இருந்தவர்கள் ஒன்றும் அப்பாவிகள் இல்லை. அது ஓடிய நேரமே அதைச் சொல்லும். ஜப்பான் சேனல்கள் நள்ளிரவுக்குப் பிறகும் மணியை நிறுத்தாமல் எண்ணுவார்கள். வியாழன் 25:25 என்றால் நம் கணக்கில் வெள்ளி அதிகாலை 1:25. (தேதி சம்பந்தமான கோட் எழுதியவர்களுக்கு இதைப் படித்தாலே வயிறு கலங்கும்.) அந்த நேரத்தில் எந்தக் குழந்தை முழித்திருக்கும்? பார்த்தது வளர்ந்தவர்கள்தான்.

இயக்குநர் ஷின்போ அகியுகி 2004-ல் 'நானோஹா' என்ற மந்திரச் சிறுமி தொடரை எடுத்தவர். பாத்திரங்களை வரைந்த அவோகி உமே, 'ஹிடமாரி ஸ்கெட்ச்' என்ற பரம சாது காமிக்ஸின் ஆசிரியர். இரண்டு பேரையும் பார்த்தால் இன்னொரு இனிப்பான தொடர் என்றுதான் தோன்றும். இடிக்கிற இடம் கதை எழுதிய உரோபுச்சி கென். 'ஃபேட்/ஸீரோ' நாவலின் பின்னுரையில், தனக்கு சுபமான முடிவு எழுத வரவில்லை என்று ஒப்புக்கொண்ட ஆள். விஷயம் தெரிந்தவர்கள் ஆரம்பத்திலேயே சந்தேகப்பட்டார்கள். கசாப்புக்கடைக்காரர் என்ற அர்த்தம் வருகிற மாதிரி அவர் பேரைத் திரித்துக் கூப்பிடுவது அப்புறம் வழக்கமாகவே ஆகிவிட்டது.

மூணாவது எபிசோடில் மாமி என்ற சீனியர் மந்திரச் சிறுமியின் தலையை ஒரு சூனியக்காரி கடித்துத் துண்டாக்கிவிடுகிறாள். அதுவரைக்கும் மாமிதான் எல்லாருக்கும் டீயும் கேக்கும் கொடுத்து உபசரிக்கிற அக்கா. பார்வையாளர்கள் அவள் பேரிலிருந்தே 'மாமிரு' என்று புதுசாய் ஒரு வினைச்சொல்லை உண்டாக்கினார்கள். அர்த்தம்: தலை போவது. (நம் ஊர் மாமிகள் மன்னிக்கவும்.)

எனக்கு இதைவிட ஆச்சரியம் மறுபக்கத்தில் நடந்த வேலை. சூனியக்காரிகளின் உலகத்தை வடிவமைத்தது 'கெகிதான் இனு கறி' என்ற இரண்டு பேர் குழு. பேருக்கு அர்த்தம் 'நாய்க்கறி நாடகக்குழு'. கறி நம்முடைய கறியேதான், ஆங்கிலம் வழியாகச் சுற்றிக்கொண்டு அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது. வழவழப்பான அனிமே ஓடிக்கொண்டிருக்கும்போது திடீரென்று வெட்டி ஒட்டின காகிதம், பழைய அச்சுப் படம், மீசை வைத்த பஞ்சு உருண்டை என்று திரை முழுக்க வேறு ஏதோ ஆகிவிடும். ஜுரத்தில் வருகிற கனவு மாதிரி. அந்தக் குப்பைக்கு நடுவில் புரியாத எழுத்துகளும் இருக்கும். வெறும் அலங்காரம் என்று விட்டுவிடாமல் மக்கள் உட்கார்ந்து எழுத்துக்கு எழுத்து பொருத்திப் பார்த்தார்கள். விடை கிடைத்தது. ஜெர்மன் வார்த்தைகள், சூனியக்காரிகளின் பெயர்கள், கதேயின் 'ஃபவுஸ்ட்' வரிகள். ஃபவுஸ்ட் என்றால் பிசாசோடு ஒப்பந்தம் போட்ட ஆள் ஆயிற்றே! அதற்கப்புறம் க்யூபே என்ற அந்த வெள்ளைப் பிராணியை யாரும் நம்பவில்லை. மந்திரச் சிறுமிகள்தான் கடைசியில் சூனியக்காரிகளாக ஆகிறார்கள் என்பதை எட்டாவது எபிசோட் காட்டுவதற்கு முன்பே ஊகித்தவர்கள் இருந்தார்கள்.

க்யூபே மேல் ஜனங்களுக்கு வந்த கோபம் தனி ரகம். அது பொய்யே சொல்வதில்லை. "உனக்கு ஒரு வரம் தருகிறேன், மந்திரச் சிறுமி ஆகு" என்று மட்டும் சொல்லும். உன் உயிரை உருவி ஒரு கல்லில் வைத்துவிடுவேன் என்று சொல்லாது. கேட்டால், நீ கேட்கவில்லையே என்று பதில். பிரபஞ்சத்தின் சக்தி குறைந்துகொண்டே வருகிறது, என்ட்ரோபியைச் சமாளிக்க உங்கள் கண்ணீர் தேவை என்று கணக்கு வேறு காட்டும். இன்ஸ்டால் பண்ணும்போது வருகிற அந்த நாற்பது பக்க ஒப்பந்தத்தைப் படிக்காமலே 'சம்மதம்' அமுக்குகிற ஜாதி நான். அந்த முகபாவமில்லாத முகத்தைப் பார்த்தபோது லேசாக உறைத்தது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

பத்தாவது எபிசோடில் ஹோமுராவின் கதை வருகிறது. தோழி மடோகாவைக் காப்பாற்ற அவள் காலத்தைப் பின்னுக்குத் தள்ளித் தள்ளி, ஒரே மாதத்தைத் திரும்பத் திரும்ப வாழ்கிறாள். ஒவ்வொரு தடவையும் தோல்வி. அதுவரை ஒன்பது வாரம் வில்லி மாதிரி தெரிந்தவள் ஒரே அரை மணியில் தலைகீழாக மாறிவிடுகிறாள். இதை ஓசாகாவின் எம்பிஎஸ் சேனல் ஒளிபரப்பியது 2011 மார்ச் 11 அதிகாலை. அன்று மதியம் 2:46-க்கு 9 அளவிலான நிலநடுக்கம், பின்னாலேயே சுனாமி, ஃபுகுஷிமா. இறந்தவர்கள் மட்டும் 15 ஆயிரத்துக்கும் மேல்.

டோக்கியோவின் டிபிஎஸ்ஸிலும் நகோயாவின் சிபிசியிலும் பத்தாவது எபிசோட் ஓடவே இல்லை. ஓசாகா பக்கத்து ஆட்களுக்கு மட்டும் ஹோமுரா யாரென்று தெரியும். மிச்சத் தொடரை ஒத்திவைத்துவிட்டார்கள். டிவியில் கம்பெனிகள் விளம்பரங்களை நிறுத்திக்கொள்ள, அந்த இடத்தில் பொதுநல விளம்பரங்களையே திரும்பத் திரும்பப் போட்டார்கள். அதில் குழந்தைகளுக்காக எடுத்த ஒன்றின் பெயர் 'முகமனின் மந்திரம்'. வணக்கம், நன்றி சொன்னால் சிநேகிதர்கள் பெருகுவார்கள் என்று குட்டி விலங்குகள் பாடும். அந்த மார்ச்சில் ஜப்பான் வீடுகளில் ஓயாமல் ஓடிய மந்திரம் அதுதான்.

ஏன் ஒத்திவைத்தார்கள் என்பது பதினொன்றாவது எபிசோடைப் பார்த்தால் விளங்கும். வால்புர்கிஸ்நாக்ட் என்ற மகா சூனியக்காரி வருகிறாள். சாதாரண மனிதர்கள் கண்ணுக்கு அவள் தெரிவதில்லை, வெறும் புயலாகத்தான் தெரியும். வெளியேறச் சொல்லி எச்சரிக்கை வருகிறது. மடோகாவின் குடும்பம் சின்னப் பையனோடு முகாமில் போய்த் தங்குகிறது. கட்டிடங்கள் பெயர்ந்து பறக்கின்றன, நகரம் தண்ணீரில் கிடக்கிறது. வெளியே போகிறேன் என்கிற மகளை அம்மா கன்னத்தில் அறைகிறாள். அப்புறம் போக விடுகிறாள். நான் இதை ஹாஸ்டலில் பார்த்தபோது 'நல்ல சீன்' என்று நினைத்தேன், அவ்வளவுதான். பள்ளிக்கூட ஜிம்களில் நிஜமாகவே மக்கள் படுத்துக் கிடந்த ஏப்ரலில் பார்த்தவர்களுக்கு அது வெறும் சீனாக இருந்திருக்குமா?

ஒரு கொசுறு. மிங்கி மோமோவின் கடைசி எபிசோட் ஒளிபரப்பானது 1983 மே 26. ஜப்பான் கடல் பக்கம் பெரிய நிலநடுக்கமும் சுனாமியும் வந்ததும் அதே நாள். மோமோ முடிந்தால் பூமி ஆடும் என்று ரசிகர்கள் நடுவில் ஒரு கட்டுக்கதையே உண்டு. எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது, ஆனாலும் தேதிகளைப் பார்த்ததும் கொஞ்சம் ஜில்லென்றிருந்தது.

ஆறு வாரம் கழித்து, ஏப்ரல் 21 காலை யோமியுரி நாளிதழில் முழுப்பக்க விளம்பரம். நள்ளிரவில் ஓடும் கார்ட்டூனுக்கு, நாட்டிலேயே அதிகம் விற்கும் பேப்பரில்! அன்று நள்ளிரவு தாண்டி எம்பிஎஸ்ஸில் கடைசி இரண்டு எபிசோடும் சேர்ந்து ஓடின. டோக்கியோ, நகோயாவில் மூன்று.

கசாப்புக்கடைக்காரர் இந்தத் தடவை வெட்டவில்லை. மடோகா கேட்கும் வரம்: சூனியக்காரிகளை, அவர்கள் பிறப்பதற்கு முன்பே, கடந்த காலம் எதிர்காலம் எல்லாவற்றிலும் தன் கையாலேயே இல்லாமல் செய்ய வேண்டும். ஒவ்வொரு சிறுமியிடமும் அவளுடைய கடைசி நிமிடத்தில் மடோகா வந்து நிற்பாள். பதிலுக்கு அவள் பிறந்ததே யார் நினைவிலும் இருக்காது. அம்மாவுக்குக்கூட. அன்றைக்கு விடிந்தது புனித வெள்ளி என்று கவனித்து அதை வைத்து எழுதித் தள்ளியவர்கள் உண்டு. ஜப்பானிலோ கடவுள் என்று பொருள்படும் 'காமி'யைச் சேர்த்து 'மடோகாமி' ஆக்கிவிட்டார்கள். இது ஏமாற்று வேலை, கதையை முடிக்கத் தெரியாமல் சாமியை இறக்கிவிட்டார் என்று கடுப்பானவர்களும் இருந்தார்கள். நானும் முதல் தடவை அந்தக் கட்சிதான்.

இப்போது இல்லை. அந்த வரம் எல்லாரையும் பிழைக்க வைப்பதில்லை. சயாகா திரும்பி வருவதில்லை. போகிறவளுக்குத் துணைக்கு ஒருத்தி, அவ்வளவுதான். மார்ச் 11-க்கு முன்பே எழுதி முடித்த கதை இது. ஆனால் பார்த்தவர்கள் மார்ச் 11-க்கு அப்புறம் பார்த்தார்கள். கடைசியில் ஆற்றங்கரையில் தம்பிப் பையன் தரையில் ஒரு அக்காவை வரைந்து வைத்துக்கொண்டு பேர் சொல்கிறான். அம்மாவுக்கு அந்தப் பேர் எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறது, ஆனால் பிடிபடவில்லை. ஆள் காணாமல் போன வீடுகள் ஆயிரக்கணக்கில் இருந்த மாதம் அது.

அந்த வருடம் ஜப்பான் மீடியா ஆர்ட்ஸ் விழாவில் அனிமேஷன் பிரிவின் முதல் பரிசு இதற்குத்தான். 2013-ல் 'ரெபெல்லியன்' படம் வந்து, ஹோமுரா அந்த முடிவையே பிய்த்துப்போட்டாள். ரசிகர்கள் இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டார்கள். அந்தச் சண்டைக்கு இன்னொரு பதிவு வேண்டும். மணி இப்போதே 25:40. நாளைக்கு ஆபீஸ் இருக்கிறது.