கண்ணகையின் அயல்வீட்டுப் பிள்ளை

கொள்ளம்பூதூருக்குப் போவோம் என்று சென்ற வாரம் முடித்திருந்தேன். 1947 ஜூன் 5, 6: சுவாமி விபுலானந்தரின் யாழ் நூல் அரங்கேறிய அந்த இரண்டு நாள்கள். போகத்தான் போகிறோம். ஆனால் சோழநாட்டுக் கோயிலுக்குப் புறப்படுமுன், நம் நிந்தவூருக்கு வடக்கே அடுத்த ஊரில் இருக்கும் ஒரு சிறிய வீட்டுக்குள் வாசகர்களைக் கூட்டிச் சென்றாக வேண்டும்.

கல்முனைக்குப் போகிற பிரதான வீதியில் காரைதீவுச் சந்தி வரும். அம்பாறை வீதி மாவடிப்பள்ளி, சம்மாந்துறைப் பக்கம் பிரிகிற இடம். விபுலானந்த சதுக்கம் என்று அதற்குப் பேர். நம்மூர் ஆட்கள் தினமும் கடக்கிற சந்திதான். அங்கிருந்து ஊருக்குள் திரும்பிப் போனவர்கள் குறைவு. இசைக்காரர் ஒருவரின் வீட்டைப் பார்த்துவிட்டு வந்தேன் என்று வீட்டில் சொன்னதும், “நாகூர் ஹனிபாட வீட்டயா வாப்பா?” என்று கேட்டான் மகன். அவன் கேட்டதில் பிழையில்லை. நம் பக்கத்தில் இசை என்றால் முதலில் காதில் விழுவது அந்தக் குரல்தான். ஆனால் நடந்து போகிற தூரத்தில் பிறந்தவர் சுவாமி விபுலானந்தர். தமிழிசையின் கணக்கையே மீட்டுக் கொடுத்த மனிதரை நம் பிள்ளைகள் பாடப்புத்தகத்தில் காவியுடுத்த படமாக மட்டும் பார்த்துவிட்டுப் பக்கம் புரட்டுவது எனக்குத் தாங்கவில்லை.

மணிமண்டபத்துக்கு அருகிலேயே அவர் பிறந்த வீடு பேணப்பட்டு நிற்கிறது. பெரிய மனிதர் வீடு என்று நினைத்துப் போகிறவர் அதன் சிறுமையைக் கண்டு திகைப்பார். சாமித்தம்பியாருக்கும் கண்ணம்மையாருக்கும் 1892 மார்ச் 27 அன்று பிறந்த மயில்வாகனம் தவழ்ந்த நிலம் இது. கல்முனை மெதடிஸ்த பாடசாலை, மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரி, 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் பட்டம், 1920இல் லண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டம், பிறகு துறவு. இதெல்லாம் வாசகர் அறிந்த கதை. எனக்கு அந்த வளவில் நின்றபோது வேறொன்றுதான் மனத்தை விட்டு அகலவில்லை. வீட்டின் அயலில் இருப்பது கண்ணகை அம்மன் கோயில்.

இதை வெறும் அயல் என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை. தமிழகத்தில் கண்ணகி பெரும்பாலும் ஏட்டில் இருக்கிறாள். நம் கிழக்குக் கரையில் அவள் ஊருக்குள் இருக்கிறாள். காரைதீவு, தம்பிலுவில், செட்டிபாளையம் என்று கோயில் கோயிலாக இருக்கிறாள். கடல்சூழ் இலங்கைக் கயவாகு வேந்தன் அவளுக்குக் கோட்டம் எடுத்த செய்தி சிலப்பதிகாரத்தில் வருகிறது. சிங்கள மக்கள் பத்தினித் தெய்வம் என்று அவளையே கும்பிடுகிறார்கள். வைகாசியில் குளிர்த்தி. மதுரையை எரித்தவளின் சினம் தணிய, கண்ணகி வழக்குரையைக் கோயிலில் இருந்து பாடுகிறார்கள். கோவலன் கொலையுண்டதையும் அரண்மனை வாசலில் அவள் நீதி கேட்டதையும் இரவிரவாகக் கேட்டு அழுகிற சனம் இது. இந்தக் கோயிலடியில் வளர்ந்த பையன் அதைக் கேட்காமல் இருந்திருக்க வழியே இல்லை. பாட்டாகக் காதில் ஏறிய கண்ணகிதான் பின்னாளில் அவர் மேசைக்கு நூலாக வந்தாள் என்பது என் உறுதியான எண்ணம். அண்ணாமலைப் பல்கலைக்கழகம் அவருக்குத் தமிழ்ப் பேராசிரியர் இருக்கை கொடுத்தது, 1931இல். யாழ் நூலின் வித்து அதற்கு வெகுகாலம் முன்பே இந்த மணலில் விழுந்துவிட்டது.

இன்னொரு பொருத்தமும் உண்டு. சிலப்பதிகாரத்தை அடியார்க்குநல்லார் உரையோடு உ.வே.சாமிநாதையர் அச்சிட்டு வெளியிட்ட ஆண்டும் 1892தான். காரைதீவில் குழந்தை பிறக்கிறது. சென்னையில் அந்தக் குழந்தைக்காகவே என்பதுபோல் புத்தகம் பிறக்கிறது.

அடியார்க்குநல்லாரைப் பற்றி இங்கே சொல்லாமல் விட முடியாது. என் கணக்கில் இந்தக் கதையின் முதல் வீரர் அவர்தான். பெருநாரை, பெருங்குருகு என்று மறைந்துபோன இசைநூல்களின் பேரையாவது நமக்கு விட்டுச் சென்றவர். அரங்கேற்று காதையில் யாழாசிரியன் இலக்கணம் வருகிற இடத்தில் அவருடைய உரையைப் படித்துப் பாருங்கள், தலை சுற்றும். நரம்பின் பேர்கள், அலகுகள், இராசி வட்டம், திரிபுகள்! பல நூற்றாண்டு காலம் படித்தவர்கள் அதைப் பொருள் தெரியாமலே ஓதிக் கடந்தார்கள். யாழ் என்ற கருவியே கையில் இல்லாதபோது வேறென்ன செய்வார்கள்? பாணன் கையில் இருந்த யாழை வீணை ஓரங்கட்டியது. பிற்பாடு வந்த சிலர் யாழும் வீணையும் ஒன்றே என்று எழுதிக் கதையை முடித்துவைக்கப் பார்த்தார்கள். இந்தச் சோம்பல் ஒரு கலைக்குச் செய்த கேடு படையெடுத்து வந்தவன் செய்ததை விடப் பெரிது என்பேன்.

விபுலானந்தர் என்ன செய்தார்? விஞ்ஞான ஆசிரியராக இருந்தவர் அல்லவா, பாட்டைக் கணக்காகப் படித்தார். குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்ற ஏழு சுரங்களுக்கும் உரை தருகிற அலகுகள் முறையே 4, 4, 3, 2, 4, 3, 2. கூட்டினால் 22. குரல் ஒலிக்கிற நரம்பில் மூன்றில் இரண்டு பங்கு நீளத்தை மட்டும் மீட்டினால் இளி ஒலிக்கும். அந்த இளியையே புதிய குரலாக வைத்துக்கொண்டு மீண்டும் எண்ணினால் அடுத்த பாலை, அதாவது அடுத்த சுர வரிசை, பிறக்கும். இப்படியே வட்டம் சுற்றிவர ஏழு பாலைகள் வரும். உரையாசிரியர் சொன்ன வட்டப்பாலையும் பௌதிகவியல் சொல்கிற அதிர்வெண் விகிதமும் ஒரே உண்மையை இரு மொழியில் பேசுகின்றன என்று அவர் கண்டார். தஞ்சாவூர் ஆபிரகாம் பண்டிதர் 1917இல் ‘கருணாமிர்த சாகரம்’ வெளியிட்டு, 22 அல்ல, 24 சுருதி என்று வாதாடியிருந்தார். அந்தப் பெரியவரின் உழைப்புக்கு முன் நான் தலைவணங்குகிறேன். ஆனால் இந்த வழக்கில் என் பக்கம் காரைதீவுக்காரர் பக்கம்தான்.

கணக்கோடு அவர் நிற்கவில்லை. ஆற்றுப்படை நூல்களில் புலவர்கள் யாழின் பத்தரையும் கோட்டையும் திவவையும் தோல்போர்வையையும் வருணித்த அடிகளை எடுத்து, தச்சன் கைக்கு அளவு கொடுப்பவர்போல் வில்யாழும் பேரியாழும் சகோடயாழும் எப்படி இருந்திருக்கும் என்று வரைந்து காட்டினார். நூலில் ‘யாழுறுப்பியல்’ என்ற இயல் அதற்கென்றே இருக்கிறது. மட்டக்களப்பு வாவியின் பாடுமீனையும் அவர் விடவில்லை. ‘நீரரமகளிர்’ என்று அந்த ஒலியைப் பாட்டாக்கினார். அடியார்க்குநல்லார் உரையில் பேர் அடிபடுகிற இசைநூலான ‘பஞ்சமரபு’ அச்சேறியது 1970களில். அது அவர் கைக்குக் கிடைத்திருந்தால் என்று நினைத்தாலே மனம் அடித்துக்கொள்கிறது.

நம் பக்கத்துக் கதையையும் எழுதியாக வேண்டும். 1942இல், யுத்தகால உணவுத் தட்டுப்பாட்டின்போது, கல்முனைக்கு உதவி அரசாங்க அதிபராக வந்தார் ஏ.எம்.ஏ. அஸீஸ். இலங்கைச் சிவில் சேவைக்குள் நுழைந்த முதல் முஸ்லிம், யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணைக்காரர். நெல் விளைவிக்க அனுப்பப்பட்டவர், இந்தக் கரையின் முஸ்லிம் பிள்ளைகள் படிப்பின்றி நிற்பதைக் கண்டு கலங்கினார். அந்த நாள்களில் அவருக்கு நெருக்கமாக இருந்தவர்கள் இருவர்: காத்தான்குடிக் கவிஞர் அப்துல் காதர் லெப்பை, மற்றவர் நம் சுவாமி. அதே 1942இல் கல்முனை முஸ்லிம் கல்விச் சங்கம் அமைந்தது. 1945இல் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதி. அந்த நிதியால் படித்து டாக்டர், எஞ்சினியர் ஆன நம்மவர் எத்தனையோ பேர். அந்தத் தூண்டுதலில் காவியுடுத்த ஒருவருக்கும் பங்குண்டு என்பதை நிந்தவூர் மறக்கக் கூடாது. நிந்தவூரும் காரைதீவும் முகம் கொடுத்துப் பேசாத ஆண்டுகள் இருந்தன. 2004இல் கடல் ஏறிவந்தபோது ஊர் பார்த்தா அடித்தது? சேர்ந்தேதான் மையித்துகளைத் தேடினோம். இந்த வரலாற்றை முன்பே படித்திருந்தால் அந்தப் பொல்லாத ஆண்டுகள் கொஞ்சம் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

பக்கம் நிறைந்துவிட்டது, கொள்ளம்பூதூர் வாசலில்தான் நிற்கிறோம். ஞானசம்பந்தர் பாட, ஓடம் தானே ஆற்றைக் கடந்ததாகச் சொல்கிற தலம் அது. கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் ஆதரவில் அங்கே கூடிய சபையின் முன், நூலின் சொல் மட்டுமல்ல, நூலின் கணக்கில் செய்த கருவிகளின் ஓசையும் எழுந்தது. அது கழிந்து ஆறு வாரத்தில், ஜூலை 19 அன்று, கொழும்பில் சுவாமி காலமானார். அந்தச் சபையில் யார் யார் இருந்தார்கள், எந்தக் கருவி முதலில் ஒலித்தது, நோயுற்ற உடம்போடு அவர் எப்படி நின்றார் என்பதெல்லாம் அடுத்த வாரம்.

(தொடரும்)