சுபேதார் மேஜர் சாப்

2021 ஆகஸ்ட் 7. டோக்கியோவில் நீரஜ் சோப்ரா 87.58 மீட்டர் ஈட்டி எறிந்து தங்கம் வாங்கிய அன்னிக்கு, எங்க டீம் வாட்ஸப் குரூப்பில் ஒரே கும்மாளம். அந்தக் கும்மாளத்துக்கு நடுவுல ஒருத்தன் கேட்டான். "டிவில சுபேதார் நீரஜ் சோப்ரான்னு போடறானே, சுபேதார்னா மேஜருக்கு மேலயா கீழயா?"

குரூப்பிலேயே என்.சி.சி. போன ஒரே ஆள் நான்தான். கெத்தா "கீழ"ன்னு டைப் பண்ணினேன். அப்புறம் "ஆனா..."ன்னு ஆரம்பிச்சேன். அதுக்கு மேல ஓடலை. அழிச்சுட்டு ஒரு ஸ்மைலி போட்டுத் தப்பிச்சேன். இந்தப் பதிவு அந்த "ஆனா"வுக்கு அப்புறம் வந்திருக்க வேண்டியது. கொஞ்சம் லேட். :-)

முதல்ல ஒரு சின்ன கொசுவத்தி. காலேஜ் ரெண்டாவது வருஷம், என்.சி.சி. கேம்ப்புக்காக வெலிங்டன் போயிருந்தோம். நீலகிரிக் குளிர், விடிகாலை. எதிரே ஐம்பதை ஒட்டின ஒருத்தர், நரைத்த மீசை, தோளில் அசோக சிங்கம். சிங்கம் இருந்தா மேஜர்னு மனப்பாடம் பண்ணி வெச்சிருந்ததால, விறைப்பா நின்னு "குட் மார்னிங் மேஜர் சார்" என்றேன். அவர் சிரிச்சார். "மேஜர் இல்ல தம்பி, சுபேதார் மேஜர். பட்டையைப் பாக்கலியா?" சிங்கத்துக்குக் கீழே சிவப்பு மஞ்சள் சிவப்பா ஒரு சின்ன பட்டை. அந்த அரை இன்ச் துணிதான் வித்தியாசம்.

அஞ்சு நிமிஷத்துல ஒரு லெப்டினன்ட் வந்தார். என்னைவிட நாலு வயசு பெரியவரா இருந்தா அதிகம். நம்ம பெரியவர் சட்டுனு நிமிர்ந்து ஒரு சல்யூட் வெச்சார் பாருங்க, தரை அதிர்ந்தது. அந்தப் பையன் பதில் சல்யூட் வெச்சுட்டு, "சாப், இவங்களை எங்க நிறுத்தலாம்?"னு கேட்டார். உத்தரவு மாதிரி இல்லை, வீட்டுல பெரியவங்ககிட்ட கேக்கற மாதிரி. யாரு யாருக்கு மேல? அன்னிக்கே மண்டைக்குள்ள புகுந்த கேள்வி இது.

சரி, மேட்டருக்கு வருவோம். இந்திய ராணுவத்தில் சிப்பாய், லான்ஸ் நாயக், நாயக், ஹவில்தார் என்று ஒரு வரிசை. லெப்டினன்ட்டில் ஆரம்பித்து ஜெனரல் வரை இன்னொரு வரிசை. இந்த ரெண்டுக்கும் நடுவில் தனியா ஒரு தளம்: நாயிப் சுபேதார், சுபேதார், சுபேதார் மேஜர். இவங்களுக்கு ஜே.சி.ஓ. என்று பொதுப்பேர், அதாவது ஜூனியர் கமிஷண்டு ஆபீசர். சிப்பாயாகச் சேர்ந்து இருபது முப்பது வருஷம் உழைத்து ஏறி வந்தவங்கதான் பெரும்பாலும். நீரஜ் மாதிரி விளையாட்டு வீரர்கள் விதிவிலக்கு, அவர் 2016-ல் நேரடியாவே நாயிப் சுபேதாராச் சேர்ந்தார். ஒரு பட்டாலியனில் சுபேதார்கள் பலர் இருப்பாங்க. சுபேதார் மேஜர் ஒருத்தர்தான்.

மேலை நாட்டு ராணுவங்களில் இப்படி ஒரு நடுத்தளம் கிடையாது. அங்கே வாரண்ட் ஆபீசர் உண்டு, ஆனா பேரில்தான் ஆபீசர், கமிஷன் வேற. நமக்கு மட்டும் ஏன்?

சுபேதார் என்ற சொல்லே பெரிய இடத்துச் சொல். முகலாயர் காலத்தில் ஒரு சுபாவை, அதாவது ஒரு மாகாணத்தை ஆண்டவர் சுபேதார். அக்பர் 1580-ல் பேரரசை 12 சுபாக்களாகப் பிரிச்சப்போ அவங்க கிட்டத்தட்ட குட்டி ராஜாக்கள். கம்பெனிக்காரன் கையில் வந்தப்போ அந்தச் சொல் நூறு சிப்பாய்கள் கொண்ட ஒரு கம்பெனியின் தலைவனாகச் சுருங்கிப் போச்சு.

ஆரம்பத்தில் நம்மாட்கள் இன்னும் மேலே போக வழி இருந்தது. நம்ம மருதநாயகம், யூசுப் கான், கம்பெனியின் சிப்பாய்ப் படைக்கே கமாண்டன்ட் ஆனவர். மதுரையை நிர்வாகம் பண்ணினார். அப்புறம் அவங்களையே எதிர்த்து நின்னார், 1764-ல் தூக்கில் போட்டாங்க. (1997-ல் எலிசபெத் மகாராணி வந்து தொடங்கி வெச்ச கமல் படத்துக்காகக் காத்திருக்கும் சங்கத்தில் நானும் ஆயுள் சந்தா உறுப்பினர்.) போகப்போக பட்டாலியனில் வெள்ளைக்கார ஆபீசர்களின் எண்ணிக்கை ஏறிக்கிட்டே போச்சு, முக்கியமா 1796 சீரமைப்பில். அவங்க ஏற ஏற, சுபேதாரின் அதிகாரம் இறங்கியது. மாலையில் நேற்று வந்த பதினெட்டு வயசு வெள்ளைக்காரப் பையனும் முப்பது வருஷ சுபேதாருக்கு மேலே. இவர் ஒரு வெள்ளைக்காரச் சிப்பாய்க்குக்கூட உத்தரவு போட முடியாது.

அப்ப சுபேதார் எதுக்கு? துரைக்கு சிப்பாய் மொழி தெரியாது, சாதி தெரியாது, சாப்பாடு தெரியாது. சிப்பாய்க்கு துரை மனசு தெரியாது. நடுவுல ஒரு ஆள் வேணும். அவ்வளவுதான். எங்க மொழியில் சொன்னா, ஒண்ணோடொண்ணு பேசத் தெரியாத ரெண்டு சிஸ்டத்துக்கு நடுவுல போடற அடாப்டர்.

இந்த அடாப்டர் வேலை செய்யலைன்னா என்ன ஆகும்னு முதலில் தெரிஞ்சது நம்ம வேலூரில். 1806. புதுத் தலைப்பாகை, நெற்றியில் குறி கூடாது, காதில் கடுக்கன் கூடாது என்றெல்லாம் உத்தரவு. சிப்பாய்கள் கொதிச்சுப் போயிருந்தாங்க. ஜூன் மாதம் முஸ்தபா பேக் என்ற சிப்பாய் கர்னல் ஃபோர்ப்ஸிடம் போய், கலகம் வரப்போகுதுன்னு சொல்றான். கர்னலுக்கு மொழியும் புரியலை, ஆளும் புரியலை. என்ன பண்ணுவார்? வழக்கம்போல இந்திய ஆபீசர்களைக் கூப்பிட்டு விசாரிக்கச் சொன்னார். விசாரிக்க வந்தவங்களில் சதியில் இருந்தவங்களும் உண்டு! "இவன் பைத்தியம் ஐயா"ன்னு அறிக்கை குடுத்தாங்க. முஸ்தபா பேக்குக்கு விலங்கு மாட்டியாச்சு. ஜூலை 10 விடியறதுக்கு முன்னாடி கோட்டைக்குள் துப்பாக்கி வெடிச்சது.

கலகம் அடங்கின பிறகு முஸ்தபா பேக்குக்கு 2,000 வராகனும், சுபேதாருக்கு உண்டான பென்ஷனும் கிடைச்சது. ஒரு சிப்பாய்க்கு அவங்க யோசிக்க முடிஞ்ச அதிகபட்ச மரியாதை சுபேதார் என்ற அளவோடு நின்னுடுது, கவனிச்சீங்களா?

கம்பெனி இதிலிருந்து பாடம் கத்துக்கிட்ட மாதிரி தெரியலை. 1837-ல் இந்திய ஆபீசர்களுக்குன்னு ஆர்டர் ஆஃப் பிரிட்டிஷ் இந்தியா என்று ஒரு விருது கொண்டு வந்து, சர்தார் பகதூர், பகதூர்னு பட்டம் குடுத்தாங்க. பதவியைக் குடுக்க மனசில்லாத இடத்தில் பட்டம் குடுக்கறது எல்லா ஆபீசிலும் நடக்கறதுதான். (ஸ்டார் பெர்ஃபார்மர் சர்டிபிகேட் எங்கிட்டயே மூணு இருக்கு.)

இருபதே வருஷத்தில் 1857. மங்கள் பாண்டேவை எல்லாருக்கும் தெரியும். ஈஸ்வரி பிரசாத்? பாரக்பூரில் மார்ச் 29 அன்னிக்கு மங்கள் பாண்டே துப்பாக்கியோட நின்னப்போ, காவல் பிரிவுக்குத் தலைமையா இருந்த ஜமேதார் அவர்தான் (ஜமேதார் என்பது இன்னைக்கு நாயிப் சுபேதார்). பாண்டேயைப் பிடிக்கச் சொல்லி சிப்பாய்களுக்கு உத்தரவு போடலை என்பது அவர் மேல் குற்றம். ஏப்ரலில் அவரையும் தூக்கில் போட்டாங்க. அவர் சுடலை, வெட்டலை. நடுவில் நின்னார். நடுவில் நிற்கிறவன் ரெண்டு பக்கமும் சேர்த்துப் பதில் சொல்லணும். சிப்பாய்களைப் பிடிக்கச் சொன்னா தன் ஆட்களுக்குத் துரோகி, சொல்லலைன்னா கம்பெனிக்குத் துரோகி. இந்த வரலாறு பூராவும் படிச்சதில் என்னைத் தூங்க விடாத ஆள் இவர்தான். நம்ம புத்தகங்களில் ஒரு வரி வந்தா அதிகம்.

அதே வருஷம் இன்னொருத்தர், பக்த் கான். பீரங்கிப் படையில் சுமார் நாற்பது வருஷம் சர்வீஸ் போட்ட சுபேதார். ஜூலையில் படையோட டெல்லி வந்து சேர்ந்தார், பகதூர் ஷா அவரைத் தலைமைத் தளபதி ஆக்கினார். நூறு பேருக்கு மேல உன்னால முடியாதுன்னு நாற்பது வருஷமா சொல்லப்பட்ட ஆள், ஒரு தலைநகரத்தையே பல வாரம் காத்து நின்னார்.

ராணி ஆட்சி வந்த பிறகு இந்த வரிசைக்கு வைஸ்ராய்ஸ் கமிஷண்டு ஆபீசர் என்று பேர் நிலைச்சது. வெள்ளைக்காரனுக்கு ராஜாவின் கமிஷன், நம்மாளுக்கு வைஸ்ராயின் கமிஷன். காகிதத்தின் மேல் யார் பேர் என்பதுதான் வித்தியாசம், ஆனா அந்த வித்தியாசம்தான் எல்லாமே. விக்டோரியா கிராஸ் கூட இந்தியச் சிப்பாய்க்குக் கிடைக்கலாம்னு 1911-ல்தான் ஆச்சு. 1914 அக்டோபரில் பெல்ஜியத்தின் ஹொல்லபெக்கே அருகில் சண்டை போட்டு அதை வாங்கிய குதாதாத் கான் அப்போ சிப்பாய். ரிட்டயர் ஆனப்போ? சுபேதார். அதே கூரை.

1918-ல் சாண்ட்ஹர்ஸ்ட்டில் இந்தியர்களுக்கு வருஷத்துக்குப் பத்து சீட். அடுத்து வந்த கூத்துதான் எனக்குப் பிடிச்சது. 1923-ல் எட்டு யூனிட்களை மட்டும் இந்தியமயம் ஆக்கறோம்னு திட்டம் போட்டாங்க. எதுக்கு எட்டு மட்டும்? இந்திய ஆபீசருக்குக் கீழே வெள்ளைக்காரன் வேலை பார்க்கிற நிலைமை வேற எங்கேயும் வந்துடக்கூடாதே! 1932-ல் டேராடூன் அகாடமி திறந்தது. அங்கே படிச்சுட்டு அந்த யூனிட்டுகளுக்கு வந்த இந்திய லெப்டினன்ட்டுகளை பிளட்டூன் கமாண்டரா, அதாவது அதுவரை ஜமேதார் சுபேதார் பார்த்த வேலையில் போட்டாங்க. அந்த யூனிட்டுகளில் வைஸ்ராய் கமிஷன்காரங்களைப் படிப்படியா எடுத்துடறதும் திட்டத்தில் சேர்த்தி. கூரையை உடைச்சோம்னு நினைச்சா, கூரையையே ஒரு மாடி கீழே இறக்கிட்டான். இரண்டாம் உலகப்போர் வந்து ஆள் பத்தாமல் போனப்புறம்தான் இதெல்லாம் காத்தில் பறந்தது.

1947-ல் வெள்ளைக்காரன் போயாச்சு. மொழி புரியாத துரை இல்லை. அடாப்டர் தேவையே இல்லை. தூக்கியிருக்கலாம் இல்லையா? இந்தியாவும் தூக்கலை, பாகிஸ்தானும் தூக்கலை. வைஸ்ராயை எடுத்துட்டு ஜூனியர்னு போட்டாங்க, அவ்வளவே. ஜமேதார் என்ற பேர் மட்டும் இங்கே 1965-ல் நாயிப் சுபேதார் ஆச்சு. பங்களாதேஷ் பின்னாளில் மாஸ்டர் வாரண்ட் ஆபீசர் என்று பேரை மாத்தி, தளத்தை அப்படியே வெச்சுக்கிட்டது. இலங்கையில் மட்டும் சுபேதாரே இல்லை. 1949-ல் தொடங்கிய சிலோன் ராணுவம் பிரிட்டிஷ்காரன் தன் சொந்தப் படைக்கு வெச்சிருந்த அமைப்பையே எடுத்துக்கிச்சு.

ஏன் தூக்கலை? ப்ரொடக்‌ஷனில் ஓடற பழைய கோடு மாதிரிதான். எழுதின காரணம் காலாவதி ஆயிருக்கும். ஆனா அதுக்குள்ள முப்பது வருஷ அனுபவம் தேங்கியிருக்கும். கமாண்டிங் ஆபீசர் ரெண்டு மூணு வருஷத்தில் மாறிடுவார். பட்டாலியனில் எவன் அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, எவன் லீவு முடிஞ்சு வந்து யார்கிட்டயும் பேசாம இருக்கான், எவன் தண்ணி அதிகம் போடறான் என்பதெல்லாம் சுபேதார் மேஜருக்குத்தான் தெரியும். அவர் நேரா கமாண்டிங் ஆபீசரிடம் போய்ப் பேசலாம். கர்னலே அவரை சாப்னு மரியாதையாத்தான் கூப்பிடுவார்.

ஆபீஸ் வேலை மட்டும்னு நினைச்சுடாதீங்க. 1944 பிப்ரவரியில், இத்தாலியின் மின்யானோவில், மெட்ராஸ் சாப்பர்ஸ் சுபேதார் சுப்பிரமணியன் கூட இருந்தவங்களைக் காப்பாத்த கண்ணிவெடி மேல் விழுந்து உயிரை விட்டார். ஜார்ஜ் கிராஸ் குடுத்தாங்க. 1962 அக்டோபர் 23, பும் லா பக்கம் ஒரு சின்ன பிளட்டூனை வெச்சுக்கிட்டு சீன அலைகளைத் தடுத்தவர் சுபேதார் ஜோகீந்தர் சிங். காயத்தோட பிடிபட்டு சிறையிலேயே இறந்தார், பரம் வீர் சக்ரா. 1987 ஜூனில் சியாச்சினில் சுமார் 21,000 அடி உயரத்தில் பாகிஸ்தானின் காயித் போஸ்ட்டைப் பிடிச்ச பானா சிங் அப்போ நாயிப் சுபேதார். அந்தப் பக்கம் போஸ்ட்டைக் காத்து நின்ன கமாண்டோக்களுக்குத் தலைமையும் ஒரு சுபேதார் வரிசை ஆள்தான்னு படிச்சப்போ கொஞ்ச நேரம் சும்மா உக்காந்திருந்தேன். ஒரே வேர், ஒரே பட்டம், எதிரெதிர் துப்பாக்கி.

ஆனா கூரை இன்னும் இருக்கு. பானா சிங் ரிட்டயர் ஆனது கௌரவ கேப்டனாக. கௌரவ என்ற வார்த்தையில் எனக்குக் கொஞ்சம் சர்தார் பகதூர் வாசனை அடிக்குது. இளம் வயசில் தேர்வு எழுதி டேராடூன் வழியா ஆபீசர் ஆக வழி உண்டு, மறுக்கலை. ஆனா ஐம்பது வயசு சுபேதார் மேஜருக்கு அடுத்த படி என்பது பெரும்பாலும் ரிட்டயர்மென்ட்தான். 2018-ல், ஆபீசருக்கு ராணுவப் பணி ஊதியம் மாசம் 15,500 ரூபாய், ஜே.சி.ஓ.வுக்கும் சிப்பாய்க்கும் ஒரே 5,200. ஜே.சி.ஓ.க்களுக்கு மட்டும் 10,000 ஆக்குங்கன்னு ராணுவம் கேட்டது. அப்போ ராணுவத்தில் சுமார் 87 ஆயிரம் ஜே.சி.ஓ.க்கள். அந்த டிசம்பரில் நிதியமைச்சகம் முடியாதுன்னுடுச்சு. கமிஷன் பேப்பரில் ஆபீசர், சம்பளப் பட்டியலில் சிப்பாய்!

வெலிங்டனில் கேம்ப் முடியறதுக்கு முதல் நாள் தைரியம் வந்து அந்தப் பெரியவர்கிட்ட கேட்டுட்டேன். "சாப், உங்க பையன் வயசு. அவருக்குப் போய் சல்யூட் அடிக்கறது கஷ்டமா இல்லையா?"

கொஞ்சம் யோசிச்சார். "நான் சல்யூட் அடிச்ச முதல் லெப்டினன்ட் இப்ப பிரிகேடியர் தம்பி. அவருக்கு மேப் பாக்க வராது, நான்தான் சொல்லிக் குடுத்தேன்" என்றார். அப்புறம் என் ஷூ லேஸைப் பார்த்தார். நான் குனிஞ்சு கட்ட ஆரம்பிச்சேன்.

டிஸ்கி: நீரஜ் 2024-ல் சுபேதார் மேஜர் ஆனார், 2025-ல் டெரிடோரியல் ஆர்மியில் கௌரவ லெப்டினன்ட் கர்னல். குதிரைப்படையில் சுபேதாருக்கு ரிசல்தார்னு பேர், ஹவில்தாருக்கு தஃபேதார். ஆமா, கலெக்டர் ஆபீஸ் வாசலில் தலைப்பாகையோட நிற்கிறாரே டபேதார், அவர் பேரும் அந்தக் குதிரைமேல வந்து இறங்கினதுதான்.