வீரக்கல்லும் ஊர்க்காவலும்

சென்ற மாதக் கூட்டத்தில், இராக்காலத்தில் பட்டியிலிருந்து ஆடுகள் களவுபோவதைப் பற்றிப் பேச்சு எழுந்தது. அப்பொழுது நம் இளைஞர் சிலர், "நம் முன்னோர் வில்லும் வாளும் தாங்கி ஊரைக் காத்தவரல்லரோ? நாமும் ஆயுதப் பயிற்சி பெற்று ஆயத்தமாயிருத்தல் வேண்டாமா?" என்று வினவினர். கேள்வி நியாயமானதே. ஆயின் முன்னோர் காத்த விதம் யாது என்று ஆராயாமல் அவர் கை வாளை மட்டும் நினைத்துப் பேசுதல் பொருந்தாது. அவ்விதத்தைக் கூறும் சாட்சிகள் நம் பர்கூரைச் சுற்றிய வயல்வரப்பிலும் ஏரிக்கரையிலும் நிற்கின்றன. அவையே நடுகற்கள், நம் பக்கத்தில் பல இடங்களில் வேடியப்பன் என்று பெயரிட்டுப் பொங்கலிட்டு வணங்கப்படுவனவும் இவையே.

இச்சீமை மழை குறைந்த மேட்டு நிலம். பண்டைநாளில் இங்குச் செல்வம் என்றது நெல்லையன்று, மாட்டையே. பல்லவர், கங்கர், வாணர், நுளம்பர் ஆகிய பல அரசர்க்கும் இஃது எல்லைப் புறமாயிருந்தமையால், பகைவர் செய்யும் முதற்காரியம் தொறுவை, அதாவது மாட்டு மந்தையை, ஓட்டிச் செல்வதாயிற்று. அதை மீட்கச் சென்று மாண்டவனுக்கே பெரும்பாலும் கல் நட்டனர். பர்கூரை அடுத்த மல்லப்பாடிக் குன்றின் பாறையில் குதிரை மேலிருந்து பொருவாரை வெண்ணிறத்தில் தீட்டிய ஓவியமும் உண்டு.

ஊற்றங்கரை, சிங்காரப்பேட்டை வழியாய்ச் சென்றால் செங்கத்தை அடைவோம். அப்பக்கத்து எடுத்தனூரில் மகேந்திரவர்ம பல்லவனது முப்பத்துநான்காம் ஆட்சியாண்டில் நட்ட கல் ஒன்று கிடைத்தது. கருந்தேவகத்தி என்னும் வீரன் தன் எருமைகளின் பொருட்டுப் பட்டதை அது சொல்லுகிறது. அவ்வளவோடு நில்லாமல், கோவிவன் என்ற அவனுடைய நாய் கள்ளர் இருவரைக் கடித்துக் காத்திருந்ததையும் பொறித்து, நாயின் உருவத்தையும் அமைத்திருக்கின்றனர். ஏறக்குறைய ஆயிரத்து நானூறு ஆண்டுகட்கு முன் ஓர் ஊரார் நாய்க்கும் நன்றி மறவாதிருந்தனர் என்பதை நினைக்குந்தோறும் நமக்கு உள்ளம் உருகுகின்றது.

இக்கற்களில் வீரன் ஒரு கையில் வில்லும் மறுகையில் குறுவாளும் ஏந்தி, உடலில் தைத்த அம்புகளோடு நிற்பான். காலருகே கெண்டியும் சிமிழும் காணப்படும். அவன் ஆயுதமோ உழவனும் வேட்டுவனும் அன்றாடம் கையாண்ட வகையினது. கருவியை எளிதில் தேடிக்கொள்ளலாம். உயிரை விடத் துணியும் மனத்தை எங்ஙனம் தேடுவது?

அதற்கு ஊரே பொறுப்பேற்றது. கல்லைத் தேர்ந்து காணும் காட்சி முதல் வாழ்த்து ஈறாக நடுகல்லுக்குரிய சடங்குகளைத் தொல்காப்பியம் முறைப்படுத்துகிறது. தான் மாண்டாலும் தன் பெயர் மாளாது என்பதை வீரன் சிறு வயது முதலே கண்ணாற் கண்டு வளர்ந்தான். அன்றியும், பட்டவன் குடும்பத்துக்கு உதிரப்பட்டி என்று நிலம் விட்டனர். எல்லைக்கு அப்பாலுள்ள கன்னடர் இதனை நெத்தரு கொடகெ என்பர். மனைவி மக்கள் பட்டினி கிடக்கமாட்டார் என்ற உறுதியின்றி வெறும் வீரப்பேச்சைக் கேட்டு எவன் களத்துக்குப் போவான்?

ஒன்றை மறைத்தல் தகாது. தொறுவை மீட்டவனுக்கே அன்றி, தொறுவைக் கவரப்போய்ப் பட்டவனுக்கும் கல் நட்டிருக்கின்றனர். ஒருவன் காவல் மற்றொருவனுக்குக் கொள்ளையாயிருந்த காலம் அது. மேலும், இக்கற்களைத் தத்தம் குலத்தவை என்று பல சாதியாரும் உரிமை கொண்டாடுகின்றனர். நம்மவரும் அதற்கு விலக்கல்லர். பட்டவன் பெயரும் அவன் தலைவன் பெயரும் கூறும் அவ்வெழுத்துகளில் இன்றைய சாதிப் பெயரைத் தேடுவது வீண் வேலை என்பதே நம் அபிப்பிராயம்.

பிற்காலத்தில் காவல் குன்றின் மேல் ஏறிற்று. பெனுகொண்டாவைக் காத்த ஜெகதேவராயருக்குப் பாராமகால் அளிக்கப்பட்டதென்பர். நம் அருகிலுள்ள ஜெகதேவி அவர் பெயரால் விளங்குவது. கிருஷ்ணகிரி மலைக்கோட்டையின் பலம் மதிலில் மட்டும் இல்லை. சுனைநீரிலும் தானியத்திலும் இருந்தது. 1768இல் கும்பினியார் முற்றுகையிட்டே அதைப் பெற்றனர். 1791 நவம்பரில் கர்னல் மாக்ஸ்வெல் பேட்டையைப் பிடித்தும், மேற்கோட்டையை ஏறிப் பிடிக்க முயன்று தோற்றார். மேலிருந்தோர் கற்களை உருட்டியே தடுத்தனர்.

1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் பாராமகால் கும்பினி வசமாயிற்று. 1816ஆம் ஆண்டின் ரெகுலேஷனால் கிராமத் தலைவரும் தலையாரியும் சர்க்காரின் போலீசு முறைக்குள் அடங்கினர். 1878ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் குடிகள் கையிலிருந்த துப்பாக்கிக்கு லைசென்சு கேட்டது. சுதந்திரத்துக்குப் பின் 1959ஆம் ஆண்டுச் சட்டம் அதன் இடத்துக்கு வந்தது. எனினும் தற்காப்புரிமையைச் சட்டம் பறிக்கவில்லை. 1860ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டத்தில் 96 முதல் 106 வரையுள்ள பிரிவுகள் அதைக் கூறின. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதையில் 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகள் கூறுகின்றன. தன் உயிரையும் பிறர் உயிரையும், களவு கொள்ளை முதலியவற்றினின்று பொருளையும் காக்கலாம். ஆனால் அதிகாரிகளை அடைய அவகாசம் இருக்கும்போது இவ்வுரிமை இல்லை. தேவைக்கு மிஞ்சிய தீங்கு செய்யவும் இடமில்லை. ஓடும் கள்ளனைத் துரத்திப் பிடித்துக் கட்டிவைத்து அடிப்பவன் தற்காப்பாளனல்லன், குற்றவாளி.

ஆகவே இளைஞர்க்கு நாம் சொல்வது: முதலில் முறைக்காவலுக்குப் பெயர் கொடுங்கள். ஓரிரவுக்கு நால்வர், கையில் விளக்கு, பட்டியில் நல்ல நாய், போலீசு நிலையத்தின் எண். காவலில் ஒருவர் காயமுற்றால் அவர் குடும்பத்தைத் தாங்கச் சங்கத்தில் தனி நிதி ஒதுக்கவேண்டும் என்று அடுத்த கூட்டத்தில் நாமே தீர்மானம் கொண்டுவருவோம். சிலம்பம் பழக விரும்புவோர் பழகுக; அது பிற்பாடு.

இன்னொரு காரியமும் உண்டு. சாலை அகலமாகவும் தொழிற்பேட்டைகள் பெருகவும், வரப்பில் நின்ற கற்கள் பெயர்க்கப்பட்டு வாய்க்காற் பாலமாகவும் துவைகல்லாகவும் போகின்றன. கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்தில் சில கற்கள் பாதுகாக்கப்படுகின்றன. தத்தம் நிலத்தில் இத்தகைய கல் கண்டோர், அதை அசைக்காமலும் சுண்ணாம்பு பூசாமலும், இருக்குமிடத்தை நமக்கு எழுதி அனுப்புவாராக.