திரி மிச்சமிருக்கும்போதே

சரவெடி எங்க முடியும்னு சிவகாசிக்காரனுக்குச் சொல்லித்தர வேண்டாம். திரி தீர்ந்த இடத்தில். செல்லுக்குள் புரதம் கோக்கப்படுவதும் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன். இல்லை. ஆர்என்ஏ இழை மிச்சமிருக்கும்போதே யுஏஏ, யுஏஜி, யுஜிஏ என்ற மூன்று நிறுத்தக் குறிகளில் ஒன்று வந்தால் வேலை நின்றுவிடும்.

1960களிலேயே குறிகள் தெரிந்துவிட்டன. பாக்டீரியாவில் அவற்றை வாசிக்க இரண்டு புரதங்கள். நம் செல்லில் இஆர்எஃப்1 என்ற ஒன்றே மூன்றையும் வாசிக்கிறது. எப்படி என்பதை 2015இல்தான் சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணனும் சகாக்களும் கேம்பிரிட்ஜில் படம்பிடித்தார்கள்: ரைபோசோமுக்குள் இழை மடங்கி, நாலாவது எழுத்தையும் சேர்த்து உள்ளே இழுத்துக்கொள்கிறது.

ஒரே எழுத்துப் பிழையால் இந்தக் குறி நடுவழியில் முளைத்தால் புரதம் அரைகுறையாக நின்றுபோகும். தலசீமியா சிலருக்கு அப்படித்தான் வருகிறது. பாதியில் அணைந்த சரத்தை மறுபடி பத்தவைக்காதேன்னு எங்க ஊர்ல சொல்வாங்க. இங்கே அப்படிப் பற்றவைக்கத்தான் மருந்து தேடுகிறார்கள்.